செஃப் கிளஸ்டர் செட்டிங்: டிஸ்க் போனா என்ன பண்ணணும்னு முன்னாடியே சொல்லி வைக்கிறது

செஃப்ங்கிறது பல சர்வர்ல இருக்கிற டிஸ்க்கை எல்லாம் சேத்து ஒரே பெரிய ஸ்டோரேஜா ஆக்கி, டேட்டாவைப் பல காப்பியா வச்சுக்கிற சாஃப்ட்வேர், அந்த சர்வர் கூட்டத்துக்குப் பேரு தான் கிளஸ்டர். புதுசா செஃப் கிளஸ்டர் போடுற பசங்க என்கிட்ட மொதல்ல கேக்குறது "அண்ணா, ஸ்பீடு வரணும்னா எந்த செட்டிங்கை மாத்தணும்"னு தான். செஃப்ல ஆயிரத்துக்கு மேல ஆப்ஷன் இருக்கு, அதுல பெரும்பாலானதைத் தொடவே வேண்டாம், டீஃபால்ட்டே போதும். நாம கையால முடிவு பண்ண வேண்டியது ஒரு பத்து பதினஞ்சு தேறும், அதையும் எடுத்து வச்சுப் பாத்தா ஸ்பீடுக்கும் அதுக்கும் பெரிய சம்பந்தமே இருக்காது. ஒரு டிஸ்க் போச்சா, ஒரு சர்வர் போச்சா, ஸ்விட்ச் போச்சா, அப்ப கிளஸ்டர் எவ்வளவு நேரம் பொறுக்கணும், எப்ப எழுதுறதை நிறுத்தணும், காப்பியை எங்க கொண்டு போய் வைக்கணும்னு நாம முன்கூட்டியே குடுத்து வைக்கிற பதில் தான் இதெல்லாம். இதை மனசுல வச்சுக்கிட்டுப் பாத்தா ஒவ்வொரு நம்பரும் ஏன் அப்படி இருக்குன்னு தானா புரியும்.

இது எங்க இருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லிடுறேன். கலிஃபோர்னியாவுல சான்டா குரூஸ் யூனிவர்சிட்டில சேஜ் வைல்ங்கிறவர் தன் பிஎச்டிக்காக ஆரம்பிச்சது செஃப், பேப்பர் 2006ல வந்துச்சு, தீசிஸ் 2007ல. இதுல எந்த டேட்டா எந்த டிஸ்க்ல இருக்குன்னு எழுதி வச்ச பெரிய டேபிள் எதுவும் கிடையாது, கிரஷ்னு ஒரு கணக்கு இருக்கு, ஆப்ஜெக்ட் பேரைக் குடுத்தா அது எந்தெந்த டிஸ்க்ல இருக்கணும்னு கிளையன்ட்டே கணக்குப் போட்டுக்கும். ஆயிரக்கணக்குல டிஸ்க் இருக்கிற இடத்துல அடிக்கடி ஏதாவது ஒண்ணு சாகத்தான் செய்யும், அதை விபத்தா நினைக்காம சாதாரண வேலையா நினைச்சு கட்டினது இது. அணு ஆராய்ச்சி பண்ற செர்ன்ல 2013லயே 3 பீட்டாபைட்டுக்கு இதைப் போட்டுட்டாங்க. ஆனா நம்மள்ல நிறைய பேர் போடுறது அந்த சைஸ் இல்ல, மூணு சர்வர், சர்வருக்கு நாலு டிஸ்க், மொத்தம் 12 ஓஎஸ்டி. (டீமன்னா பின்னணில ஓடிக்கிட்டே இருக்கிற புரோகிராம், ஒரு டிஸ்க்கைப் பாத்துக்கிற டீமனுக்குப் பேரு தான் ஓஎஸ்டி.) சின்ன கிளஸ்டர்ல ஒரு தப்பு செட்டிங் பண்ற சேதம் அதிகம், அதனால கடைசி வரைக்கும் இந்த மூணு சர்வரையே வச்சு சொல்றேன்.

எந்த செட்டிங் எவ்வளவுங்கிறதுக்கு முன்னாடி செட்டிங் எங்க இருக்குன்னு தெரியணும், ஏன்னா எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் போனது இதனால தான். முன்ன எல்லாம் ஒவ்வொரு சர்வர்லயும் ஈடிசி ஃபோல்டருக்குள்ள ஒரு செஃப் கான்ஃப் ஃபைல் இருக்கும், எதை மாத்தினாலும் எல்லா சர்வர்லயும் போய் மாத்தணும். 2018ல மிமிக் வெர்ஷன் வந்தப்ப எல்லா செட்டிங்கையும் மானிட்டர்களே (எந்த ஓஎஸ்டி உயிரோட இருக்குன்னு கிளஸ்டர் கணக்கை வச்சுக்கிற டீமனுங்க) ஒரு டேட்டாபேஸ்ல வச்சுக்கிற மாதிரி பண்ணிட்டாங்க, ஒரு எடத்துல கான்ஃபிக் செட்னு குடுத்தா எல்லாருக்கும் போய்ச் சேந்துடும். இது வரைக்கும் நல்லது தான். ஆனா பழைய ஃபைலுக்கு இன்னும் மதிப்பு இருக்கு, அதுவும் டேட்டாபேஸை விட அதிக மதிப்பு. வரிசை இப்படி வரும்: எல்லாத்துக்கும் அடியில புரோகிராமுக்குள்ளேயே இருக்கிற டீஃபால்ட், அதுக்கு மேல மானிட்டர் டேட்டாபேஸ், அதுக்கு மேல அந்தந்த சர்வர்ல இருக்கிற ஃபைல், அதுக்கும் மேல என்விரான்மென்ட் வேரியபிள், கமாண்ட் லைன்ல குடுத்தது, உச்சில ஓடிக்கிட்டிருக்கிற டீமன் கிட்ட நேரா சொல்லி மாத்தினது. மேல இருக்கிறது கீழ இருக்கிறதை மறைச்சிடும்.

நான் பொறுப்பெடுத்துக்கிட்ட ஒரு கிளஸ்டர்ல மூணு சர்வர், ஒவ்வொண்ணுலயும் 64 ஜிபி மெமரி, அதே சர்வர்லயே விஎம்மும் (வர்ச்சுவல் மெஷின்) ஓடிக்கிட்டிருந்துச்சு. மெமரி இடிக்குதுன்னு ஓஎஸ்டி மெமரி டார்கெட்டை 3 ஜிபியா குறைச்சேன், கான்ஃபிக் டம்ப் போட்டுப் பாத்தேன், 3 ஜிபின்னு தெளிவா காட்டுச்சு, நிம்மதியா வீட்டுக்குப் போயிட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ரெண்டாவது சர்வர்ல கெர்னல் ஒரு ஓஎஸ்டியைக் கொன்னுடுச்சு, பத்து நிமிஷத்துல இன்னொண்ணு. பாத்தா, எனக்கு முன்னாடி இருந்தவர் எப்பவோ அந்த ஒரு சர்வர் ஃபைல்ல மட்டும் 8 ஜிபின்னு ஒரு வரி எழுதி வச்சிருக்கார். நாலு ஓஎஸ்டி, 32 ஜிபி, மிச்சத்துல விஎம். நான் பாத்த டம்ப் டேட்டாபேஸ்ல என்ன இருக்குன்னு மட்டும் தான் சொல்லும், ஓடுற ஓஎஸ்டி எதை எடுத்துக்கிச்சுன்னு அது சொல்லாது. அதுக்கு கான்ஃபிக் ஷோன்னு குடுத்து ஓஎஸ்டி பேரைக் குடுக்கணும், அதுல ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல இது ஃபைல்ல இருந்து வந்ததா மானிட்டர் கிட்ட இருந்து வந்ததான்னு சோர்ஸ் காட்டும். அன்னிலேர்ந்து எந்த கிளஸ்டரைக் கையில எடுத்தாலும் மொத வேலையா மூணு சர்வர் ஃபைலையும் தெறந்து, கிளஸ்டரோட ஐடி, மானிட்டர் அட்ரஸ் ரெண்டைத் தவிர மிச்சத்தை டேட்டாபேஸுக்கு மாத்திடுறேன், அசிமிலேட் கான்ஃப்னு அதுக்கே ஒரு கமாண்ட் இருக்கு.

மெமரி டார்கெட் பத்தி இதோட ஒண்ணு சொல்லிடுறேன். டீஃபால்ட் 4 ஜிபி, ஆனா அது இலக்கு தான், இதுக்கு மேல போகக் கூடாதுன்னு போட்ட பூட்டு இல்ல. சாதாரண நாள்ல ஓஎஸ்டி அதை ஒட்டியே நிக்கும், ரிக்கவரி (போன காப்பியை வேற டிஸ்க்ல திரும்ப உருவாக்குற வேலை) ஓடுறப்ப தாண்டிப் போகும். ரிக்கவரி எப்ப ஓடும், ஏதாவது ஒண்ணு செத்தப்ப ஓடும். அதனால ஒரு ஓஎஸ்டி மெமரி இல்லாம செத்தா அதோட வேலை பக்கத்து ஓஎஸ்டி தலைல விழுந்து, அதுக்கும் மெமரி பத்தாம போயி, ஒண்ணு பின்னால ஒண்ணா சரியும். சர்வர் மெமரியை ஓஎஸ்டி எண்ணிக்கையால அப்படியே வகுத்து டார்கெட் வைக்காதீங்க, நல்லா இடம் விட்டு வைங்க.

மானிட்டர் விஷயம் சீக்கிரம் முடிஞ்சிடும். மூணு வைங்க, பெரிய கிளஸ்டர்னா அஞ்சு. பாதிக்கு மேல மானிட்டர் ஒத்துக்கிட்டா தான் எந்த முடிவும் செல்லும், அதனால ரெண்டு மானிட்டர் வச்சா ரெண்டுமே உயிரோட இருந்தாகணும், அது ஒண்ணே ஒண்ணு வைக்கிறதை விட மோசம். மானிட்டர்களுக்குள்ள கடிகாரம் 0.05 செகண்டுக்கு மேல வித்தியாசம் வந்தா எச்சரிக்கை வரும், டைம் சிங்க் சர்வீஸ் ஓடுதான்னு மொதல்லயே பாருங்க. ஃபயர்வால்ல பழைய 6789 போர்ட்டைத் தெறந்துட்டு 3300ஐ மறந்துடுறவங்க நிறைய, நாட்டிலஸ் வெர்ஷன்ல வந்த புது புரோட்டோகால் 3300ல தான் பேசுது. இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்க ஒரு வழி இருக்கு, ஹெக்ஸாடெசிமல்ல மாத்தினா சி, இ, 4ன்னு வரும், செஃபோட ஆங்கில ஸ்பெல்லிங் ஆரம்பம் அது. ஓஎஸ்டிங்களுக்கு 6800ல ஆரம்பிச்சு மேல ஒரு பெரிய ரேஞ்ச் தெறக்கணும்.

நெட்வொர்க் தான் கொஞ்சம் உக்காந்து யோசிக்க வேண்டியது. பப்ளிக் நெட்வொர்க், கிளஸ்டர் நெட்வொர்க்னு ரெண்டு செட்டிங் இருக்கு. கிளையன்ட்டும் மானிட்டரும் பப்ளிக்ல பேசும், ஓஎஸ்டிங்க தங்களுக்குள்ள காப்பி அனுப்பிக்கிறதும் ரிக்கவரியும் கிளஸ்டர் நெட்வொர்க்ல போகும். கிளஸ்டர் நெட்வொர்க் கட்டாயம் இல்ல, குடுக்கலன்னா எல்லாமே பப்ளிக்லயே ஓடும். பழைய பிளாக் எதைப் படிச்சாலும் ரெண்டையும் பிரிச்சே ஆகணும்னு எழுதியிருப்பாங்க, 1 ஜிகாபிட் கார்டு காலத்துல அது சரி. இப்ப ரெண்டு 10 ஜிகாபிட் அல்லது 25 ஜிகாபிட் போர்ட் இருந்தா ரெண்டையும் பாண்ட் பண்ணி (ஒரே லிங்க்கா சேத்து) ஒரே நெட்வொர்க்கா விடுறது தான் என் பழக்கம், காரணம் சொல்றேன்.

ஓஎஸ்டிங்க ஒண்ணை ஒண்ணு உயிரோட இருக்கியான்னு 6 செகண்டுக்கு ஒரு தடவை கேட்டுக்கும், இதுக்குப் பேரு ஹார்ட்பீட். 20 செகண்ட் பதில் வரலன்னா மானிட்டர் கிட்ட போய் இவன் பேச மாட்டேங்குறான்னு புகார் சொல்லும், குறைஞ்சது ரெண்டு பேர், அதுவும் வேற வேற சர்வர்ல இருந்து புகார் சொன்னா தான் மானிட்டர் அதை டவுன்னு குறிக்கும். இப்ப ஒரு சர்வரோட கிளஸ்டர் நெட்வொர்க் கேபிள் மட்டும் லூசா போச்சுன்னு வைங்க. மத்த ஓஎஸ்டிங்க புகார் சொல்லுது, டவுன்னு குறிக்கப்படுது. ஆனா அந்த ஓஎஸ்டிக்கு பப்ளிக் வழியா மானிட்டரோட தொடர்பு நல்லா இருக்கு, நான் உயிரோட தானே இருக்கேன், தப்பா குறிச்சிட்டீங்கன்னு சொல்லி திரும்ப மேல வருது, உடனே திரும்ப புகார், திரும்ப டவுன். ஒவ்வொரு தடவையும் மேப் (எந்த ஓஎஸ்டி உயிரோட இருக்குங்கிற பட்டியல்) மாறுது, ஒவ்வொரு பிஜியையும் (பிளேஸ்மென்ட் குரூப், ஆப்ஜெக்ட்டுங்களை மொத்தமா கட்டி வைக்கிற பிரிவு) வச்சிருக்கிற ஓஎஸ்டிங்க மறுபடி தங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணுது, கிளையன்ட் நின்னு நின்னு போகுது. 10 நிமிஷத்துக்குள்ள அஞ்சு தடவைக்கு மேல இப்படி ஆனா ஓஎஸ்டி தானே நின்னுடும்படி ஒரு பாதுகாப்பு இருக்கு, ஆனா அதுக்குள்ள யூசர் போன் பண்ணிடுவாங்க. முழுசா செத்த சர்வரை செஃப் அழகா சமாளிக்கும், பாதி உயிரோட இருக்கிற சர்வர் தான் கஷ்டம். ரெண்டு நெட்வொர்க் வச்சா இந்த பாதி உயிர் நிலைமைக்கு நாமளே ஒரு வழி போட்டுக் குடுத்த மாதிரி ஆகுது.

இதே ரகத்துல இன்னொண்ணு எம்டியு, அதாவது ஒரே பாக்கெட்ல போகக்கூடிய அதிகபட்ச பைட் அளவு. சர்வர் எல்லாத்துலயும் ஜம்போ ஃபிரேம் 9000 வச்சுட்டு ஸ்விட்ச்ல ஒரு போர்ட்டை மட்டும் 1500ல விட்டுட்டா, பிங் போகும், எஸ்எஸ்ஹெச் போகும், சின்ன மெசேஜ் எல்லாம் போகும், பெரிய டேட்டா மட்டும் அப்படியே தொங்கும். ஹார்ட்பீட் பாக்கெட்டையே 2000 பைட்டுக்கு நிரப்பி அனுப்புறதுக்கு இது தான் காரணம், 1500க்கு மேல போகாத வழின்னா ஹார்ட்பீட்டே தவறி வெளிய தெரிஞ்சிடும். யாரோ இதுல நல்லா அடிபட்டுத் தான் அந்த 2000ஐ எழுதியிருப்பாங்கன்னு எனக்குத் தோணும்.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன், பூல் சைஸ், மின் சைஸ். பூல்ங்கிறது டேட்டாவைப் பிரிச்சு வைக்கிற தொகுப்பு, ஒவ்வொரு பூலுக்கும் காப்பி கணக்கு தனி. சைஸ்ங்கிறது எத்தனை காப்பி, டீஃபால்ட் 3. மின் சைஸ்ங்கிறது குறைஞ்சது எத்தனை காப்பி கையில இருந்தா ரீட் ரைட்டை அனுமதிக்கலாம்ங்கிறது, சைஸ் 3க்கு அது 2. டிஸ்க் காசை மிச்சம் பண்ண சைஸ் 2 வச்சு, அப்பறம் ஒரு சர்வர் ரீபூட் ஆனாலே எல்லாம் நின்னு போகுதுன்னு மின் சைஸை 1 ஆக்கிடுறாங்க. அது வேலை செய்யும், மாசக்கணக்குல கூட ஓடும். அப்பறம் ஒரு நாள் இப்படி நடக்கும்: காப்பி ஏ, காப்பி பி. மெயின்டெனன்ஸுக்காக ஏ இருக்கிற சர்வரை நிறுத்துறீங்க, பி தனியா எழுத்தை வாங்கிக்கிட்டிருக்கு, அந்த அரை மணி நேரத்துல பியோட டிஸ்க் போயிடுது. ஏ திரும்ப வருது, அதுல டேட்டா முழுசா இருக்கு, ஆனா அரை மணி நேரம் பழசு. செஃபுக்கு பி தனியா இருந்தப்ப எழுத்து நடந்திருக்கலாம்னு தெரியும், அதனால ஏயை நம்பி பழசை உங்ககிட்ட குடுக்காது, பி வரட்டும்னு அந்த பிஜியை டவுன்ல போட்டுட்டு காத்திருக்கும். பி வரப் போறதே இல்ல. ஒவ்வொரு விஎம் டிஸ்க்கும் நூத்துக்கணக்கான பிஜில பரவி கிடக்கிறதால, ஒரு சில பிஜி போனாலே பெரிய டிஸ்க் வச்ச விஎம் அத்தனையும் தொங்கிடும். மின் சைஸ் 2 இருந்திருந்தா அந்த அரை மணி நேரம் கிளையன்ட் நின்னிருக்கும், டேட்டா பிழைச்சிருக்கும். அரை மணி நேரம் நிக்கிறதுக்கும் பேக்கப்ல இருந்து எடுக்கிறதுக்கும் நடுவுல நான் எப்பவும் நிக்கிறதைத் தான் எடுத்துப்பேன். ரெண்டு காப்பிக்குத் தான் காசு இருக்குன்னா அந்த வேலைக்கு செஃப் வேண்டாம்னு நேராவே சொல்லிடுறேன்.

காப்பி எங்க போகணும்ங்கிறதை கிரஷ் ரூல் முடிவு பண்ணும், டீஃபால்ட்ல சர்வருக்கு ஒண்ணு. ஒரே மெஷின்ல டெஸ்ட் பண்றப்ப அதை டிஸ்க்குக்கு ஒண்ணுன்னு மாத்துவாங்க, அதே கிளஸ்டரை வளத்து புரொடக்‌ஷன் ஆக்கினா சில டேட்டாவோட மூணு காப்பியும் ஒரே சர்வர்ல போய் உக்காந்திருக்கும், அந்த சர்வர் போற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

ஒரு ஓஎஸ்டி டவுன் ஆன உடனே டேட்டாவை நகத்த ஆரம்பிக்காது, 600 செகண்ட் பொறுக்கும். 10 நிமிஷம் எதுக்குன்னா சர்வர் ரீபூட் ஆகி வர அது போதும், அதுக்குள்ள டெராபைட் கணக்குல டேட்டாவை அங்க இங்க ஓட்டி, அது வந்ததும் திரும்ப ஓட்டுறது வீண். நீங்களே தெரிஞ்சு சர்வரை நிறுத்துறீங்கன்னா இந்த நம்பரை மாத்த வேண்டாம், டேட்டாவை நகத்தாதேன்னு சொல்ற நோஅவுட் ஃபிளாக் போட்டுட்டு வேலையை முடிச்சு எடுத்துடுங்க. எடுக்க மறந்துடாதீங்க, மறந்தா அடுத்து நிஜமாவே டிஸ்க் சாகுறப்ப கிளஸ்டர் கைகட்டி நிக்கும்.

டிஸ்க் நிறையுற கணக்கு தான் சின்ன கிளஸ்டர்ல ரொம்ப பேரைக் கவுக்குது. மூணு எல்லை இருக்கு: 85 சதவீதத்துல எச்சரிக்கை, 90 சதவீதம் ஆன ஓஎஸ்டிக்கு ரிக்கவரி டேட்டா அனுப்ப மாட்டாங்க, 95 சதவீதத்தை ஏதாவது ஒரு ஓஎஸ்டி தொட்டாலே எழுத்து நின்னுடும். நம்ம மூணு சர்வர்ல 70 சதவீதம் நிறைஞ்சிருக்குன்னு வைங்க, இன்னும் 30 இருக்கேன்னு தோணும். ஒரு டிஸ்க் சாகுது. காப்பி சர்வருக்கு ஒண்ணு, சர்வர் மூணே மூணு, அதனால செத்த டிஸ்க்கோட டேட்டா வேற சர்வருக்குப் போக முடியாது, அங்க ஏற்கனவே ஒரு காப்பி இருக்கு. அது அதே சர்வர்ல மிச்சம் இருக்கிற மூணு டிஸ்க்ல தான் வந்து உக்காரணும். நாலு டிஸ்க்ல 70 இருந்தது மூணு டிஸ்க்ல வந்தா 93. 90லயே ரிக்கவரி நின்னு போயிடும், அதுவும் எல்லா டிஸ்க்கும் சமமா நிறைஞ்சிருந்தா தான் இந்தக் கணக்கு, நிஜத்துல ஒண்ணு முன்னாடி ஓடும். சர்வருக்கு நாலு டிஸ்க்னா 60 சதவீதத்தைத் தாண்ட விடாதீங்க, அப்ப 80ல நிக்கும். சர்வர் நாலா இருந்து ஒரு சர்வர் முழுசா போனாலும் இதே கணக்கு தான். மூணு சர்வர்ல ஒண்ணு முழுசா போனா? மூணாவது காப்பிக்கு எடமே இல்ல, அந்த சர்வர் வர்ற வரைக்கும் ரெண்டு காப்பியோட தான் ஓடும். இதுக்காகவே காசு இருந்தா நாலாவது சர்வர் வாங்குங்கன்னு சொல்வேன், மூணு சர்வர்ல பெரிய டிஸ்க் போடுறதை விட அது மேல். இன்னொரு விஷயம், இந்த மூணு எல்லையையும் கான்ஃபிக்ல எழுதினா கிளஸ்டர் பொறக்குறப்ப மட்டும் தான் செல்லும், அப்பறம் மேப்புக்குள்ள போயிடும், மாத்தணும்னா அதுக்குன்னு இருக்கிற ஓஎஸ்டி செட் கமாண்ட் தான். ஃபைல்ல மாத்திட்டு ஏன் மாறலன்னு முழிக்கிறவங்களை நிறைய பாத்திருக்கேன்.

பிஜி எண்ணிக்கை பத்தி முன்ன பக்கம் பக்கமா எழுதுவாங்க. ஓஎஸ்டிக்கு சுமார் 100 வர்ற மாதிரி, 12 ஓஎஸ்டி இன்ட்டு 100 வகுத்தல் 3 காப்பின்னா 400, பக்கத்துல இருக்கிற ரெண்டின் அடுக்கு 512. நாட்டிலஸ்ல இந்த எண்ணிக்கையைத் தானா மாத்திக்கிற ஆட்டோஸ்கேலர் வந்துச்சு, அடுத்த வெர்ஷன் ஆக்டோபஸ்ல இருந்து புது பூலுக்கு அது தானாவே ஆன், இப்ப அதை நம்பி விட்டுடலாம். பெருசா வளரப் போற பூலுக்கு மட்டும் பல்க்னு ஒரு குறி போட்டு வைங்க, இல்லன்னா கொஞ்சமா ஆரம்பிச்சு டேட்டா ஏற ஏற பிரிச்சுக்கிட்டே இருக்கும்.

ரிக்கவரி வேகத்துக்கு இன்னிக்கும் தேடினா மேக்ஸ் பேக்ஃபில்லை ஏத்து, ரிக்கவரி மேக்ஸ் ஆக்டிவை ஏத்துன்னு தான் வரும். 2022ல குயின்சி வெர்ஷன்ல இருந்து எம்கிளாக்ங்கிற ஷெட்யூலர் டீஃபால்ட் ஆயிடுச்சு, அதுல இந்த நம்பரை மாத்தணும்னா ஓவர்ரைடுன்னு தனியா ஒரு அனுமதி குடுக்கணும், குடுக்காம மாத்தினா எடுபடாது. அதுக்கு பதிலா கிளையன்ட்டுக்கு முன்னுரிமை, ரிக்கவரிக்கு முன்னுரிமை, ரெண்டுக்கும் சமம்னு மூணு புரொஃபைல் இருக்கு, ராத்திரில ரிக்கவரி புரொஃபைல், காலைல கிளையன்ட் புரொஃபைல்னு மாத்திக்கிட்டா போதும்.

எல்லாம் செட் பண்ணி முடிச்சதும், நிஜ டேட்டா ஏத்துறதுக்கு முன்னாடி, ஒரு விஎம்முக்குள்ள செகண்டுக்கு ஒரு தடவை நேரத்தை ஃபைல்ல எழுதி டிஸ்க்குக்கு சிங்க் பண்ற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டை ஓட விட்டுட்டு வேற ஒரு சர்வரோட பவர் கேபிளை உருவுங்க. டீமனை ஸ்டாப் பண்ணிப் பாத்தா பத்தாது, ஒழுங்கா நிறுத்தினா அது போறப்பவே மானிட்டர் கிட்ட சொல்லிட்டுப் போயிடும், நிஜ சாவு அப்படி சொல்லிட்டு வராது. கேபிளை உருவின உடனே ஸ்கிரிப்ட் நின்னுடும், ஏன்னா எழுத்துக்கு எல்லா காப்பியும் ஓகே சொல்லணும், ஒருத்தன் பதில் சொல்லல. 20 செகண்டைத் தாண்டினதும் ஸ்டேட்டஸ்ல நாலு ஓஎஸ்டி டவுன்னு வரும், கொஞ்ச நேரத்துல ஸ்கிரிப்ட் தானா திரும்ப ஓடும். ஃபைலைத் தெறந்து நடுவுல எத்தனை செகண்ட் காணோம்னு எண்ணிப் பாத்து எழுதி வைங்க, சர்வர் போற அன்னிக்கு உங்க யூசர் காத்திருக்கப் போற நேரம் அது தான். அப்பறம் சர்வரை ஏத்திட்டு, ஒரே ஒரு டிஸ்க்கை மட்டும் உருவி கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு உக்காருங்க, 10 நிமிஷம் கழிச்சு அதே சர்வரோட மிச்ச மூணு டிஸ்க்லயும் யூசேஜ் ஏற ஆரம்பிக்கும்.